லேப்டாப்புக்கு வைத்த பொட்டு

2005-ல் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம், மரக்காணம் உப்பளத்தின் மோட்டார் கொட்டகையில், இன்னொருவருடைய லேப்டாப்பை நான் எரித்துவிட்டேன். அது வேண்டுமென்று செய்ததல்ல. அதற்குப் பிறகு செய்ததெல்லாம் வேண்டுமென்றே செய்தது. அந்தப் பழி ஒரு பெண்ணின் கைமேல் விழுந்தபோது நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். விழுவதற்குத் தோதாக ஒரு வார்த்தையும் சொன்னேன்.

முப்பத்துநான்கு வருடம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தியவன் நான். எத்தனை வோல்ட் என்று பார்க்காமல் எதையும் இணைக்காதே என்று வருடா வருடம் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். அதை எழுதும்போதே கூசுகிறது.

ஓய்வு பெற்ற பிறகு பாண்டிச்சேரியில் ஒரு பழைய லேப்டாப் வாங்கினேன். ஓட்டத் தெரிந்துகொள்வதற்கு முன்பே அதைக் கழற்றிவிட்டேன். அடியில் ஆறு திருகாணி, உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு மெமரிப் பலகை, சீட்டுக்கட்டு அளவுக்கு ஒரு ஹார்ட் டிஸ்க். 128 எம்.பி. மெமரியை எடுத்துவிட்டு 256 போட்டேன். இருபது ஜி.பி. டிஸ்க்குக்குப் பதில் நாற்பது. கழற்றிய டிஸ்க்கைக் குப்பையில் போட மனம் வராமல், யு.எஸ்.பி. கேஸ் ஒன்று வாங்கி அதில் பொருத்தினேன். பழையது வெளியிலிருந்து வேலை செய்தது, புதியது உள்ளிருந்து. அறுபது வயதில் எனக்கு அது பெரிய சந்தோஷம்.

மரக்காணத்தில் அப்போது லேப்டாப் வைத்திருந்தவர்களைக் விரல்விட்டு எண்ணிவிடலாம். சுனாமிக்குப் பிறகு நிவாரண வேலைக்கு வந்தவர்களால் கொஞ்சம் கூடியது. எல்லாருக்கும் ஒரே தொல்லை, உப்புக்காற்று. ஆறு மாதத்தில் சார்ஜர் முனை வெளுத்துப்போகும், மெமரியின் செம்புப் பற்கள் பச்சை பிடிக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் சாதா ரப்பரால் நாலு தேய் தேய்த்துத் திரும்பப் போட்டால் உயிர் வந்துவிடும். "சார் கை பட்டா ஓடுது" என்று சொல்வார்கள். கேட்க நன்றாக இருந்தது. இந்தக் கதைக்கு வேர் அதுதான்.

உப்பள முதலாளி ஒருவருக்கு அவருடைய மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து லேப்டாப் கொடுத்தனுப்பியிருந்தார். தண்ணீரில் உப்பின் அடர்த்தி எத்தனை டிகிரி ஏறியிருக்கிறது, எந்தப் பாத்தியில் எப்போது நீர் விட்டது, மழை எவ்வளவு என்பதையெல்லாம் தினமும் அதில் எழுதிவைக்க ஆசைப்பட்டார். கடல் உள்ளே வந்து பாத்திகளை மூடிய நாளில் எடுத்த படங்களும் அதில் இருந்தன. அதற்கும் நான்தான் புது டிஸ்க், புது மெமரி போட்டேன். சார்ஜர் மட்டும் உப்பு தின்று செத்துப்போனது. அதே கம்பெனி சார்ஜர் பாண்டியில் கிடைக்கவில்லை. சென்னைக்குப் போய், எட்டு முனைகளும் பக்கவாட்டில் ஒரு தள்ளு சுவிட்சும் இருக்கிற பொது அடாப்டர் வாங்கிவந்தேன். சுவிட்சைப் பதினைந்திலிருந்து இருபத்துநாலு வோல்ட் வரை ஏழு இடங்களில் நிறுத்தலாம். முதலாளி லேப்டாப்புக்குப் பதினைந்து வேண்டும். பேனா நுனியால் பதினைந்துக்குத் தள்ளி, அதன்மேல் பிளாஸ்திரி ஒட்டி, '15, தொடாதே' என்று எழுதினேன்.

"ஒரிஜினல் இல்லாம ஒண்ணும் ஆவாதுங்களே சார்?" என்று முதலாளி கேட்டார்.

"ஒண்ணும் ஆவாதுங்க. நான் பொறுப்பு" என்றேன்.

அந்த லேப்டாப் இருந்தது மோட்டார் கொட்டகையில் தடுத்த சின்ன அறையில். கொட்டகையை ஒட்டிய இன்னொரு அறையில் அளத்துக் காவல்காரரும் அவர் மனைவியும் குடியிருந்தார்கள். அந்த அம்மாவுக்கு அப்போது ஐம்பது இருக்கும். அவரும் உப்பு வாருகிறவர்தான். ஆனால் மற்றப் பெண்களுக்கு இல்லாத ஒன்று அவருக்கு இருந்தது. அதைக் கைராசி என்றார்கள்.

மழை முடிந்து, பாத்திகளை மிதித்துக் கெட்டிப்படுத்தி, நீர் விட்டு, முதல் உப்பு படிகிற அன்று அந்த அளத்தில் வேறு யாரும் உப்பு வாரும் பலகையைத் தொட மாட்டார்கள். அந்த அம்மா கிழக்கே பார்த்து இறங்கி முதல் இழுப்பு இழுத்து, ஒரு கை உப்பை எடுத்து வரப்பில் வைப்பார். பிறகுதான் மற்றவர்கள் இறங்குவார்கள். பதினோரு வருடமாக அப்படி. பக்கத்து அளத்துக்காரர்களும் வந்து கூப்பிட்டுப் போவார்கள். அவர் பிறந்த ஊர் எக்கியார்குப்பம். சுனாமிக்குப் பிறகு அங்கே புதுப் படகுகள் வந்தபோது, ஒவ்வொரு படகுக்கும் முதல் பொட்டு வைக்க அவரைத்தான் அழைத்தார்கள். சொந்தமாக ஒரு அடி நிலம் இல்லாத ஒரு பெண்ணை நாலு ஊர்க்காரர்கள் வாசலில் வந்து நின்று அழைத்தார்கள் என்றால் அந்தக் கையால்தான்.

பூஜைக்கு நாலு நாள் முன்பு என் வீட்டில் என் சார்ஜர் பழுதானது. முதலாளியின் அடாப்டரைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு போனேன். என் லேப்டாப்புக்கு இருபது வோல்ட் வேண்டும். பிளாஸ்திரியை உரித்து, சுவிட்சை இருபதுக்குத் தள்ளினேன். வேலை முடிந்ததும் பிளாஸ்திரியைத் திரும்ப ஒட்டப் பார்த்தேன். ஈரக்காற்றில் பசை போயிருந்தது, கீழே விழுந்தது. அப்புறம் ஒட்டலாம் என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அது அங்கேயே இருந்தது. சுவிட்சும் இருபதிலேயே இருந்தது.

பூஜைக்கு முந்தின நாள் நாலரை மணிக்கு அடாப்டரைக் கொட்டகைக்குத் திரும்பக் கொண்டுபோய், முதலாளி லேப்டாப்பில் செருகினேன். பச்சை விளக்கு ஒரு முறை எரிந்தது. பாக்குக் கடிக்கிற மாதிரி ஒரு சத்தம். திரை போய்விட்டது. பிறகு அந்த வாசனை வந்தது, சூடான பிசினும் மீன் செதிலும் சேர்ந்தாற்போல. சுவிட்சைப் பார்த்தேன். பையில் இருந்த பிளாஸ்திரி என் நினைவுக்கு வந்தது.

முதலில் நான் செய்தது என்ன தெரியுமா? பேனாவை எடுத்துச் சுவிட்சைப் பதினைந்துக்குத் தள்ளினேன். லேப்டாப் செத்துவிட்டதா என்று பார்ப்பதற்கு முன்பே அதைத்தான் செய்தேன்.

வாசனை போக ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு லேப்டாப்பின் மூடியைச் சாத்தினேன். அப்போது அந்த அம்மா துடைப்பத்தோடு உள்ளே வந்தார். வெளியில் அவர் கழுவிச் சாய்த்து வைத்திருந்த பலகைகளும் மண்வெட்டிகளும் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன.

"சார், நாளைக்கு இஞ்சினுக்கு, தராசுக்கு எல்லாம் படைக்கிறோம். இதுவும் வேலை செய்ற பொருள்தானுங்களே. இதையும் வைக்கலாமா?"

"வைங்கம்மா."

"மஞ்சத்தண்ணி தெளிக்கலாமா? கரண்டுப் பொருளாச்சே."

"கொஞ்சமா தெளிங்க. மூடித்தானே இருக்கு."

பூஜையில் வைத்த கருவியை அன்று முழுவதும் யாரும் எடுக்கக் கூடாது. அதனால் எனக்கு ஒரு நாள் கிடைக்கும். அவ்வளவுதான் நினைத்தேன் என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டேன். தண்ணீரைப் பற்றி அவர் கேட்டதும் என் மனதின் ஓரத்தில் ஒன்று நகர்ந்தது. அதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

பூஜை நன்றாக நடந்தது. டீசல் இஞ்சினுக்கு மாலை, தராசுக்குச் சந்தனம். லேப்டாப்பின் கறுப்பு மூடியில் அந்த அம்மா மோதிர விரலால் சந்தனம் வைத்து, அதன்மேல் மூன்று குங்குமப் பொட்டு வைத்தார். மாவிலையால் ஒரே ஒரு தெளிப்பு. பிணத்துக்குப் பொட்டு வைக்கிறார் என்று எனக்குத் தெரியும். சுண்டல் வாங்கிக்கொண்டு நின்றேன்.

மறுநாள் விஜயதசமி காலையில் எல்லாக் கருவிகளையும் ஒரு நிமிடமாவது எடுத்துப் புழங்க வேண்டும். இஞ்சின் முதல் சுற்றிலேயே ஓடியது. மண்வெட்டியால் வரப்பில் ஒரு வெட்டு வெட்டினார்கள். முதலாளி லேப்டாப்பைத் திறந்து பொத்தானை அழுத்தினார். மறுபடி அழுத்தினார். பின்னால் அளத்து ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏம்பா, கரண்டு இருக்குதா பாரு" என்று காவல்காரரிடம் சொன்னார்.

"விளக்கு எரியுதுங்களே முதலாளி."

முதலாளியின் மனைவி மூடியைப் பார்த்தார், பிறகு அந்த அம்மாவைப் பார்த்தார். "பூஜையில வெச்ச பொருள் மறுநாள் எழுந்திருக்கலன்னா என்ன அர்த்தம்?" என்றார்.

நான் சின்னத் திருப்புளியை எடுத்து விசைப்பலகையைத் தூக்கினேன். ஓரத்தில், கீலுக்குப் பக்கத்தில், மிளகு அளவுக்கு மஞ்சள் கறை ஒன்று காய்ந்திருந்தது. அது உள்ளே இறங்கவே இல்லை. முதலாளி குனிந்து பார்த்தார்.

"தண்ணி போயிருக்குமா சார்?"

"போயிருக்கலாம்" என்றேன்.

நான் சொன்ன வார்த்தை அது ஒன்றுதான். போயிருக்கிறது என்று சொல்லவில்லை, போயிருக்கலாம் என்றேன். ஒரு பொய்யை அவ்வளவு சரியாக அளந்து சொல்ல எனக்குத் தெரிந்திருந்தது.

அந்த அம்மா வலது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.

இதற்கு மேலும் ஒன்று உண்டு. டிஸ்க்கை வெளியே எடுத்து, யு.எஸ்.பி. கேஸில் போட்டு, அங்கேயே என் லேப்டாப்பில் இணைத்தேன். எல்லாம் இருந்தது. டிகிரிக் கணக்கு, மழை, கடல் மூடிய பாத்திகளின் படங்கள். முதலாளி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நல்ல வேளை, நீங்க இருந்தீங்க" என்றார். தண்ணீர் போயிருந்தால் முதலில் நனைவது அந்த டிஸ்க்தான். அது சருகு போலக் காய்ந்திருந்தது. அதைக் கவனிக்கத் தெரிந்தவன் அந்தக் கூட்டத்தில் நான் ஒருவன்தான். மாலையும் தேங்காய் மூடியும் கொடுத்து என்னை வழியனுப்பினார்கள்.

பிறகு மழைக்காலம். அளத்துக்கு நான் போகவில்லை. வீட்டில் யாருடைய லேப்டாப்பைத் திறந்தாலும் அந்த வாசனை வந்தது. என் மனைவியைக் கூப்பிட்டு, "எதாவது கருகுதா?" என்று கேட்பேன். "ஒண்ணுமில்லையே" என்பாள். கறுப்பு மூடியோடு யார் லேப்டாப் கொண்டுவந்தாலும், துணியால் துடைக்கும்போது பொட்டு இருந்த அந்த மூன்று இடங்களிலும் என் விரல் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் நகரும்.

2006-ல் முதல் உப்பு படிந்த அன்று முதலாளி ஆள் அனுப்பினார். போனேன். கண் கூசும் வெயில். எல்லாரும் வரப்பில் நின்றிருந்தார்கள். பலகையை வேறு ஒரு பெண்ணிடம் கொடுத்தார்கள். அவள் சின்னவள், கூச்சத்தில் எந்தப் பக்கம் பார்த்து நிற்பது என்று தெரியாமல் தடுமாறினாள். "கிழக்கப் பாரும்மா" என்று குரல் கொடுத்தது அந்த அம்மாதான். கூட்டத்துக்குப் பின்னால், கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றிருந்தார். பக்கத்து அளத்துக்காரர்களும் அந்த வருடம் அவரைக் கூப்பிடவில்லை. குப்பத்தில் அவருடைய சொந்த அண்ணன் மகனின் படகுக்கு வேறு யாரோ பொட்டு வைத்ததாகக் காவல்காரர் சொன்னார். "அவளே வேணான்னுட்டா சார். கையைக் கையைப் பார்த்துக்கிறா" என்றார்.

அன்று மத்தியானமே முதலாளியிடம் சொல்லிவிட்டேன். சுவிட்ச், பிளாஸ்திரி, பேனா எல்லாவற்றையும். அவர் பாத்திகளைப் பார்த்தபடியே சொன்னார்:

"லேப்டாப் போனது போவட்டும் சார். வயசான காலத்துல மறதி யாருக்கும் வரும். ஆனா இப்ப இதைச் சொல்லி என்ன ஆவப்போவுது? அந்தப் பொண்ணு கையால இந்த வருஷம் உப்பு வெள்ளை வெளேர்னு எறங்கியிருக்குது. நடுவுல கையை மாத்த முடியாதுங்க."

"அந்த அம்மாவுக்காவது சொல்லணும்."

"சொல்லுங்க. நம்புவாங்களா பாருங்க."

வெறும் வார்த்தை போதாது என்று நினைத்தேன். இயற்பியல் வாத்தியாருக்கு அந்த நோய் உண்டு, செய்து காட்டினால்தான் உண்மை. அடுத்த வாரம் என் லேப்டாப்பையும் அதே அடாப்டரையும் எடுத்துக்கொண்டு போனேன். சாப்பாட்டு நேரத்தில் ஆட்களைக் கொட்டகைக்குள் கூப்பிட்டேன். அந்த அம்மாவையும் முன்னால் வரச் சொன்னேன். அன்று லேப்டாப்பை எரித்தது நான்தான், தண்ணீர் இல்லை, பொட்டும் இல்லை என்று சொன்னேன். சுவிட்சைக் காட்டினேன்.

"இது என் லேப்டாப். இருபது வோல்ட் போதும். இருபத்துநாலுக்குத் தள்ளிச் செருகப்போறேன். உங்க கண்ணெதிரே எரியும். அன்னிக்கு நடந்தது இதுதான்."

தள்ளினேன். செருகினேன்.

பச்சை விளக்கு எரிந்தது. திரை வந்தது. விசிறி சுற்றியது. நீல வானமும் பச்சைப் புல்லும் தெரிந்தன. எல்லாரும் காத்திருந்தோம். பிடுங்கித் திரும்பச் செருகினேன். அப்போதும் ஓடியது. சில லேப்டாப்பில் அதிக மின்னழுத்தத்தைத் தாங்கும் காப்பு இருக்கும், சிலதில் இருக்காது. அது எனக்குத் தெரியும். அங்கே யாரிடம் அதைச் சொல்வது?

கூடையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்த ஒரு கிழவர், "சார், எரிக்கிறதுக்கும் கைராசி வேணும் போல" என்றார்.

சிரித்துவிட்டார்கள். கெட்ட மனதோடு சிரிக்கவில்லை. ஒருத்தி, "பாவம், அக்கா மேல இரக்கப்பட்டுச் சொந்தப் பொருளையே எரிக்கப் பாக்குறாரு" என்றாள். அதைச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்கள்.

இங்கே இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். என் லேப்டாப் எரியவில்லை என்றதும் ஒரு நொடி எனக்குள் நிம்மதி வந்தது. என் பொருள் பிழைத்தது என்ற நிம்மதி மட்டும் இல்லை. ஒருவேளை அன்றும் நான் எரிக்கவில்லையோ, தண்ணீர்தானோ என்று ஒரு நினைப்பு. ஒரு நொடிதான். அந்த வாசனை தெரிந்தவன் அப்படி நினைக்க முடியாது. ஆனாலும் நினைத்தேன்.

அந்த அம்மா மட்டும் போகாமல் நின்றார்.

"எனக்காக எதுக்கு சார் பொய் சொல்றீங்க?"

"பொய் இல்லம்மா. சத்தியமா நான்தான்."

"நீங்க வோல்ட்டுன்னு சொல்றதெல்லாம் எனக்குப் புரியாது. ஆனா அன்னிக்குப் பொட்டு வைக்கும்போதே எனக்குக் கை நடுங்குச்சு சார். அது எனக்குத் தெரியும்."

அவர் கை நடுங்கவில்லை. நான் அருகில் நின்று பார்த்தேன். அது நடுங்கியதாக அவருடைய நினைவில் இப்போது இருந்தது. அதை அங்கே வைத்தவன் நான்தான்.

முதலாளிக்கு வேறு லேப்டாப் வாங்கிக் கொடுத்தேன். பழையதுதான், நானே டிஸ்க்கும் மெமரியும் மாற்றி, அதன் சொந்த சார்ஜரோடு. அவர் மறுத்துப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார். அது சுலபமாக முடிந்தது.

அந்த வருடம் ஆயுத பூஜை அன்று காலையில் என் லேப்டாப்பைத் துண்டில் சுற்றிக்கொண்டு, குங்குமச் சிமிழும் எடுத்துக்கொண்டு அந்த அம்மாவின் அறைக்குப் போனேன். காவல்காரர் பலகைகளுக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார். முன்பெல்லாம் அது அந்த அம்மாவின் வேலை. அவர் அடுப்பங்கரையில் இருந்தார். பொரி வாசனையும் ஈர மண் வாசனையும் கலந்து வந்தன.

லேப்டாப்பைப் பாயில் வைத்தேன். "உங்க கையால பொட்டு வைங்கம்மா. வேற யார் கையாலயும் எனக்கு வேணாம்" என்றேன்.

எட்டிப் பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். மூடியைக்கூடத் தொடவில்லை.

"இதுலதானே நீங்க நாலு பேருக்கு வேலை பாத்துக் குடுக்குறீங்க?"

"ஆமா."

"நல்லா ஓடுதுங்களா?"

"ஓடுது."

"ஓடட்டும் சார். அது நல்லா இருக்கட்டும்." எழுந்து, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, கணவரைப் பார்த்து, "சார் லேப்டாப்புக்கு நீயே ஒரு பொட்டு வெச்சுடு. தண்ணி வேணாம்" என்றார்.

நான் வற்புறுத்தினேன். அந்தக் கை பட்டும் லேப்டாப் ஓடினால், அதை அளத்துக்கே எடுத்துப் போய்க் காட்டலாம் என்பது என் எண்ணம். அவர் சிரித்தபடி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். என்மேல் அவருக்கு ஒரு கோபமும் இல்லை. என் பொருளைத் தன் கையிடமிருந்து காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

காவல்காரர் வைத்த பொட்டோடு வீட்டுக்கு வந்தேன். மறுநாள் பொத்தானை அழுத்தினேன், ஓடியது. அடுத்த வருடம், அதற்கடுத்த வருடமும் போய்க் கேட்டேன். அதே பதில்தான், அதே சிரிப்பு. பிறகு கடலூர்ப் பக்கம் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டேன்.

அந்த லேப்டாப் மேலும் ஆறு வருடம் ஓடியது. ஒவ்வொரு காலையிலும் திரை வரும்போது, கொட்டகையில் அன்று எரிய மறுத்தது இன்றாவது வராமல் போகட்டும் என்று ஒரு கணம் வேண்டிக்கொள்வேன். வந்துவிடும்.